எதிரணிக்குப் போன கூரை

"சூரியனை நம்பி ஒரு நாட்டை நடத்த முடியாது, நடுவர் அவர்களே!"

இந்த வரியில் எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலை உயர்த்துவது என்று பஸ்ஸிலிருந்தே பழகிக்கொண்டு வந்த ஒஸ்வால்ட், தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் நடுவரை மறந்து அப்படியே நின்றார்.

கூரை கறுப்பாக இருந்தது.

காலையில் அவர் கொள்ளுப்பிட்டிக்குப் புறப்பட்டபோது அங்கே பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றுகள்தான் இருந்தன. இப்போது அவற்றின் மேல் பெரிய பெரிய கண்ணாடிப் பலகைகள் வரிசை பிசகாமல் படுத்திருந்து, பின்னேர வெயிலில் மினுங்கின. சோலர் பெனல்கள். பத்திரிகையில் படம் வந்தால் வெட்டி எடுத்து, சிவப்புப் பேனையால் அடிக்கோடு போட்டு அவர் திட்டித் தீர்த்த அதே சாமான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனை நண்பர் சங்கத்தின் வருடாந்தப் பட்டிமன்றம். 'சூரியனும் காற்றும் தரும் மின்சாரம் நாட்டுக்குக் கட்டுப்படியாகுமா, ஆகாதா?' என்பதுதான் தலைப்பு. 'ஆகும்' என்ற அணிக்குத் தலைவர், சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் மர்ஸூக் ஹாஜியார். 'ஆகாது' அணிக்கு ஒஸ்வால்ட். கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலம் முழுக்க மேலதிகாரிகளிடம் பேசாமல் சேர்த்து வைத்த பேச்சை எல்லாம் இப்போது சங்க மேடையில்தான் செலவழித்துக்கொண்டிருந்தார். கடந்த இரண்டு பட்டிமன்றங்களிலும் ஹாஜியாரிடம் தோற்றிருந்தார். இந்த முறையும் தோற்றால் மீன் சந்தைப் பக்கமே தலைகாட்ட முடியாது.

அப்படிப்பட்டவருடைய கூரை எதிரணிக்குப் போய்விட்டது.

"றஞ்சி!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி றஞ்சிதம் குசினி வாசலில் நின்றார். உள்ளேயிருந்து நண்டுக் கறி வாசம் வந்தது. ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் தவிர அந்த வீட்டில் நண்டு வாங்குவதில்லை. றஞ்சிதத்தின் கண்கள் கலங்கியிருந்தன.

"கூரையில..." என்று தொடங்கினார் ஒஸ்வால்ட்.

"ஒண்டும் கதைக்காதீங்க." றஞ்சிதம் கையை உயர்த்தித் தடுத்தார். "எனக்கு எல்லாம் விளங்கும். பட்டிமன்றம் முடியும் வரைக்கும் இதைப் பற்றி ஒரு சொல்லும் வேணாம். நான் ஒருத்தருக்கும் மூச்சு விட மாட்டன்."

"இல்ல, றஞ்சி..."

"மீற்றர் மாத்த ஆக்கள் வருவாங்களாம். அது வரைக்கும் இதில கரண்ட் வராதாம். இப்ப முகத்தைக் கழுவிட்டு வந்து சாப்பிடுங்க."

ஒஸ்வால்ட் முகம் கழுவப் போனார்.

மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு மேல்மாடி அறையில் இருந்து வெள்ளை உடுப்புத் தைப்பது றஞ்சிதத்தின் தொழில். தையல் மெசினும் அயன் பொக்ஸும் விழுங்குகிற கரண்டுக்காக, சோலர் போடுவோமா என்று வருடக் கணக்காகக் கேட்டவர். கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒஸ்வால்ட் சாப்பாட்டு மேசையில் ஒரு முழுப் பட்டிமன்றம் நடத்தி, தானே நடுவராகவும் இருந்து, கட்டாது என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியில் றஞ்சிதம் கேட்பதை விட்டுவிட்டார். கேட்டால் இவர் மாட்டேன் என்பார், ஆகவே மனுசி கேட்காமலே போட்டுவிட்டார் என்று ஒஸ்வால்ட் கணக்குப் போட்டார். மெல்போர்னில் இருக்கும் மகன் றொஹான் பணம் அனுப்பியிருப்பான்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன்னைக் கேட்காமல் ஒரு சாரி கூட வாங்காத மனுசி, களவாகக் கூரை முழுக்க வாங்கும் அளவுக்குத் தான் பிடிவாதமாக இருந்ததை நினைத்தபோது, ஒஸ்வால்ட் நண்டுக் காலைக் கோப்பையில் திருப்பி வைத்தார்.

சரி, மனுசியை நோகடிக்கக் கூடாது. ஊரும் பார்க்கக் கூடாது. அவருடைய வீட்டுக்கு ஒரு பக்கம் பூட்டிய களஞ்சியம், மறுபக்கம் கனடாவுக்குப் போனவர்களின் பூட்டிய வீடு. பகலில் ஒழுங்கையில் ஆள் நடமாட்டமும் குறைவு. இதுவரை எவருடைய கண்ணிலும் பட்டிருக்காது. பொழுதுபடக் கோயிலுக்குப் போகிற சனம் இறங்குவதற்குள் மூடிவிட வேண்டும்.

மூடுவதற்குத் தார்ப்பாய் மாதிரி ஒரு பெரிய படங்கு வேண்டும். மருதானைக்குப் போய் வர நேரமில்லை. சந்தியில் ஒரே ஒரு ஹாட்வெயார் கடைதான் இருந்தது.

மர்ஸூக் ஹாஜியார் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எடுக்காத யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். "ஒரு வேலைய ஒப்படைச்சா பொறகு போனையும் எடுக்கிறானுகள் இல்ல" என்று போனை வைத்துவிட்டு, "வாங்க, மிஸ்டர் ஒஸ்வால்ட். என்னா வேணும்?" என்றார்.

"ஒரு படங்கு. பெருசு."

"பெருசெண்டா?"

"கூரை மூடுற அளவு."

ஹாஜியார் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். ஒரு துண்டு மேகம் இல்லை. "மழையே இல்லியே?"

"ஒழுகுது."

"மழை இல்லாமலா?"

"பெய்தா ஒழுகும்."

ஹாஜியார் நல்ல மனுசர். மேடையில் ஒஸ்வால்டைக் கிழிகிழி என்று கிழிப்பாரே தவிர, கீழே இறங்கினால் அவரைப்போல் உதவுகிற ஆள் கிடையாது. நீலப் படங்கு ஒன்றை விலை குறைத்துக் கொடுத்தார். சீற் வெடித்திருந்தால் ஒட்டுகிற பசையும் இருக்கிறது, ஆளும் அனுப்புகிறேன் என்றார். ஒஸ்வால்ட் படங்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

கூரைக்கு மேல்மாடி அறை ஜன்னலால்தான் ஏற வேண்டும். ஜன்னலடியில் றஞ்சிதம் வெள்ளைத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டு. ஒஸ்வால்டுக்கு ஏதோ வித்தியாசமாக இருந்தது. அந்த நேரத்தில் அந்த அறை பேக்கரிப் போறணை மாதிரிக் கொதிக்கும். இன்றைக்குக் கொதிக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் றஞ்சிதம். "வெயிலை எல்லாம் அது வாங்குது. கரண்ட் வர முதலே வேலை தொடங்கிட்டுது."

ஒஸ்வால்ட் படங்கைத் தோளிலிருந்து இறக்கினார். றஞ்சிதம் அதைப் பார்த்தார். முகத்தில் ஒரு கணம் ஏதோ வாடியது. பிறகு, "ஓம், மூடுறதுதான் நல்லம்" என்று எழும்பி, படங்கின் மற்றத் தொங்கலைப் பிடித்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை சங்கச் செயலாளர் பிறெடி வந்து நின்றார். பட்டிமன்றத்துக்கு நடுவரும் அவர்தான்.

"அண்ணன், ஹாஜியார் சொன்னவர். உங்கட கூரை மோசமாமே. எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே! நாளைக்குச் சனிக்கிழமை, சங்கத்துப் பொடியன்மார் எல்லாரையும் கூட்டிட்டு வாறன். சிரமதானம் மாதிரிச் செய்து, புதுச் சீற்றே போட்டுத் தாறம்."

ஒஸ்வால்டுக்கு வேர்த்தது. "வேணாம், பிறெடி. ஒழுகல் நிண்டுட்டுது."

"மழை பெய்யேல்ல, எப்பிடி நிண்டது?"

"அதுதான்... மழை நிண்டதால நிண்டுட்டுது."

பிறெடி நகரவில்லை. படியில் கால் வைத்து மேலே ஏறிப் பார்க்கவும் தயாரானார். ஒஸ்வால்ட் குறுக்கே பாய்ந்தார்.

"உண்மையைச் சொல்றன், பிறெடி. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. அது ஒழுகலுக்கு இல்ல. காற்று ஆராய்ச்சி."

"என்ன?"

"துறைமுகத்துக் காற்று எந்த நேரம் வீசுது, எவ்வளவு வீசுது எண்டு படங்கைக் கட்டிப் பாக்கிறன். காற்றை நம்பேலாது எண்டு மேடையில சும்மா சொன்னாக் காணுமா? ஆதாரம் வேணாமா?"

பிறெடியின் கண்கள் விரிந்தன. நாற்பது நிமிடம் பேசுவதற்கு ஒரு மனுசன் கூரையில் ஏறி ஆராய்ச்சி செய்கிறார்! ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனார். பின்னேரம் ஆவதற்குள் ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் கொச்சிக்கடை வரைக்கும் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பின்னேரம் வீட்டு வாசலில் ஒரு கூட்டம் அண்ணாந்து நின்றது. கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். கடலை விற்கிறவரும் வந்து வண்டியை நிறுத்திவிட்டார்.

'காற்று நம்பத் தகுந்ததல்ல. வேண்டிய நேரம் வராது' என்பது ஒஸ்வால்டின் பேச்சில் மூன்றாவது அம்சம். அந்தக் காற்று துறைமுகத்திலிருந்து சொல்லி வைத்த மாதிரிப் புறப்பட்டு வந்தது. படங்கு மெல்ல ஊதி எழுந்தது. கூட்டம் "ஓ!" என்றது. ஒரு மூலைக் கயிறு அறுந்தது. படங்கின் தொங்கல் சடசடவென்று அடித்துக்கொண்டு மேலே கிளம்பியது. இன்னும் ஒரு சாண் எழும்பினால் கறுப்புக் கண்ணாடி வெளியே தெரியும்.

ஒஸ்வால்ட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலால் பாய்ந்து கூரையில் ஏறினார். படங்கின் தொங்கலை எட்டிப் பிடித்து அதன் மேல் குப்புறப் படுத்தார். காற்று அவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. பாரத்துக்கு வைத்திருந்த கல் ஒன்று உருண்டுபோய்க் களஞ்சியத்தின் தகரக் கூரையில் விழுந்தது. குண்டு வெடித்தது போலச் சத்தம்.

"ஐயோ, அண்ணன்! பாயாதீங்க!" என்று பிறெடி கீழேயிருந்து அலறினார்.

"பாயேல்ல!" என்று ஒஸ்வால்ட் கத்தினார். காற்றில் அது கீழே வந்து சேரும்போது 'பாயிறன்' என்று கேட்டதாகப் பிறகு பலர் சொன்னார்கள்.

"தோத்தா என்ன, அண்ணன்! ஒரு பட்டிமன்றம்தானே!"

கடையிலிருந்து மர்ஸூக் ஹாஜியார் ஓடிவந்தார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, "மிஸ்டர் ஒஸ்வால்ட், எறங்குங்க! இந்த முறை நான் விட்டுத் தாறேன்! வல்லாஹி, விட்டுத் தாறேன்!" என்று கூவினார்.

காற்று அடங்கும் வரைக்கும் ஒஸ்வால்ட் அப்படியே கிடந்தார். பிறகு படங்கை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி, இடைவெளி இல்லாமல் கல் அடுக்கிவிட்டு, ஜன்னலால் உள்ளே விழுந்தார். வெளியே கூட்டம் கைதட்டியது.

உள்ளே வந்தவருக்கு மூச்சு முட்டியது. அறை கொதித்தது. காற்றுப் போக வழியில்லாமல் மூடிய படங்கு முன்பிருந்ததை விட மோசமாகச் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. றஞ்சிதம் கழுத்தில் ஈரத் துவாயைச் சுற்றிக்கொண்டு, மெசினில் குனிந்து, ஒரு சின்னச் சட்டையின் கையைத் தைத்துக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க நனைந்திருந்தது.

"கீழ போய் இருந்து தையன்" என்றார் ஒஸ்வால்ட்.

"கீழ வெளிச்சம் காணாது. உங்களுக்குக் கையில காயம். இஞ்ச காட்டுங்க."

தையல் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து அவருடைய உள்ளங்கையைத் துடைத்தார். "நாளைக்கு ஒரு நாள்தானே" என்றார். "பேச்சு முடிஞ்ச பிறகு கழட்டலாம். நீங்க நல்லாப் பேசுங்க. எனக்கு அது போதும்."

ஒஸ்வால்ட் படிகளில் இறங்கும்போது பேச்சின் முதல் வரியைச் சொல்லிப் பார்த்தார். வரி ஞாபகம் இருந்தது. குரல்தான் உயரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபம் நிரம்பி வழிந்தது. கூரையில் ஏறிய மனுசனைப் பார்க்கவே பாதிச் சனம் வந்திருந்தது. முன்வரிசையில் ஒரு பக்கம் றஞ்சிதம், மறுபக்கம் ஹாஜியாரின் மனைவி ஷபீகா. நடுவர் கதிரையில் பிறெடி.

ஒஸ்வால்ட் எழுந்தார். நன்றாகத்தான் தொடங்கினார்.

"சூரியனை நம்பி ஒரு நாட்டை நடத்த முடியாது, நடுவர் அவர்களே! நாம் விளக்குப் போடுகிற நேரத்தில் அது வீட்டுக்குப் போய்விடுகிறது. அதைச் சேமிக்க பற்றரி வேண்டும். பற்றரிக்கு டொலர் வேண்டும். விடுமுறை நாளில் கரண்ட் கூடிப்போச்சு, கூரைச் சோலரை நிற்பாட்டி வையுங்கள் என்று அறிவித்தார்களே, மறந்துவிட்டீர்களா? வேணும் என்கிற நேரம் இல்லை, வேண்டாம் என்கிற நேரம் வழிகிறது. இதற்குப் பெயர் மின்சாரமா, மாமியார் வீட்டுச் சாப்பாடா?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. பிறெடி மேசையில் தட்டினார். ஹாஜியார் கூடச் சிரித்தார். வெற்றி கைக்கு வந்துவிட்டது என்று ஒஸ்வால்டுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோசத்தில் முன்வரிசையைப் பார்த்தார்.

றஞ்சிதமும் சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். நேற்று ஈரத் துவாய் சுற்றியிருந்த கழுத்து வேர்க்குருவில் சிவந்து கிடந்தது.

ஒஸ்வால்ட் அடுத்த வரிக்கு வாயைத் திறந்தார். மூடினார். மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார்.

"நடுவர் அவர்களே, எனக்கு இந்தப் பக்கம் நிண்டு பேசத் தகுதி இல்ல."

மேடைத் தமிழ் கழன்று வீட்டுத் தமிழ் வந்ததைக் கேட்டதும் மண்டபம் அமைதியானது.

"என்ட கூரையில சோலர் பெனல் இருக்கு. அந்தப் படங்குக்குக் கீழ."

"அப்ப ஆராய்ச்சி?" என்றார் பிறெடி.

"ஆராய்ச்சியும் இல்ல, ஒழுகலும் இல்ல. எல்லாம் பொய். அது எப்பிடி வந்தது எண்டு கேக்காதீங்க. அது எங்கட வீட்டு விசயம். ஆனா ஒண்டு சொல்றன். வீட்டில ஒருத்தர் வருசக் கணக்காக் கேட்டா. ஒரு நாள் உக்காந்து அவவோட சேர்ந்து யோசிச்சிருக்கலாம். நான் ஒவ்வொரு நாளும் அவவைப் பேச்சில வெண்டன். இப்ப அந்தச் சாமான் வந்து, ஒரு சொட்டுக் கரண்ட் தராமலே, அவ வேலை செய்யிற அறையைக் குளிரப் பண்ணிச்சு. நான் அதையும் படங்கு போட்டு மூடினன். என்னத்துக்கு? உங்கட கைதட்டலுக்கு."

அவர் றஞ்சிதத்தைப் பார்த்தார்.

"நாட்டுக்குக் கட்டுமா கட்டாதா எண்டு எனக்கு இன்னும் தெரியாது. அதைப் படிச்ச ஆக்கள் கணக்குப் பாக்கட்டும். என்ட வீட்டுக்குக் கட்டும். நான் தோத்தாச்சு."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு பட்டிமன்றத் தோல்விக்கும் சேர்த்து வந்த கைதட்டல் அது. றஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஏறி வந்து, அத்தனை பேருக்கும் முன்னால் ஒஸ்வால்டின் கையைப் பிடித்தார். அப்படி அவர் கல்யாணத்தன்று பிடித்ததுதான்.

மர்ஸூக் ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது.

"நடுவர் அவர்களே, நான் பேச வந்ததெல்லாம் அவர் பேசிட்டார். இப்ப நான் என்னத்தப் பேச? உண்மையச் சொல்லவா? இண்டைக்கிப் பேசி முடிச்ச ஒடனே ஒங்க எல்லாரையும் என்ட ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போய், கூரையக் காட்டத்தான் இருந்தேன். ரகசியமா சோலர் ஓடர் குடுத்தேன். வியாழக்கிழமை வாறேன் எண்டானுகள். இண்டைக்கி வரைக்கும் ஒருத்தன் வரல்ல, போனும் எடுக்கல்ல. என்ட கூரை மொட்டையாக் கெடக்கு. நானே சொல்றேன், சோலர் கட்டாது!"

சிரிப்பில் கதிரைகள் சரிந்தன. பிறெடி மணியை அடித்து, "அப்ப ரெண்டு பேரும் இடம் மாறி இருங்க" என்று தீர்ப்பளித்தார்.

அந்த நேரத்தில் பின் கதவால், கம்பனித் தொப்பி போட்ட ஒரு தடித்த மனுசர் சனத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இஞ்ச மர்ஸூக் சேர் யாரு?"

"நான்தான்."

"சேர், நான் சோலர் கம்பனி. வேலையெல்லாம் பாத்தது நான்தான். நாளைக்கு மீற்றர் மாத்த ஆக்கள் வருவாங்க. அதைச் சொல்லத்தான் வீட்டுக்குப் போனன், பூட்டிக் கிடந்தது. ஒழுங்கையில விசாரிச்சன், ஹாஜியார் மண்டபத்தில எண்டாங்க."

"பெனலே போடாம மீற்றரா?" ஹாஜியார் வெடித்தார். "வியாழக்கிழமை எங்கடா போனீங்க?"

"என்ன சேர் கதைக்கிறீங்க? வியாழக்கிழமையே போட்டு முடிச்சிட்டமே! பதினெட்டின் கீழ் மூண்டு. சேர் சொன்ன மாதிரியே, பட்டிமன்றம் முடியும் வரைக்கும் ரகசியம், ஒருத்தருக்கும் சொல்ல வேணாம் எண்டு மேடத்திட்டயும் சொல்லிட்டுத்தான் வந்தம்."

ஹாஜியாரின் வீட்டு இலக்கம் பதினெட்டின் கீழ் மூன்று. அதற்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒஸ்வால்டின் வீட்டு இலக்கமும் பதினெட்டின் கீழ் மூன்று.

மேடையில் றஞ்சிதத்தின் முகம் மெல்ல வெளிறியது. "அப்ப..." என்றார் தாழ்ந்த குரலில். "அது நீங்க எனக்காகப் போட்டது இல்லையா?"

"நீ எனக்குச் சொல்லாமப் போட்டது எண்டெல்லோ நான்..." என்றார் ஒஸ்வால்ட்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். றஞ்சிதம் பிடித்த கையை விடவில்லை.

தொப்பிக்காரர் அவர்களை அப்போதுதான் கண்டார். முகம் மலர்ந்தது. "இந்தா, மேடமே இருக்கிறா! கேட்டுப் பாருங்க, சேர்!"

முன்வரிசையில் ஷபீகா மெதுவாக எழுந்து நின்று, "எந்த மேடம்?" என்று கணவரைக் கேட்டார்.

தொப்பிக்காரர் ஷபீகாவைப் பார்த்தார். மேடையில் நின்ற றஞ்சிதத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஹாஜியாரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப சேர், இவ உங்கட மிஸிஸ் இல்லையா?"